ஏபிஎஸ் வந்தாலும் டிஸ்க் சூடாகும்: மலை இறங்கும் பைக்கின் பிரேக்கில் என்ன நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. கோத்தகிரியிலிருந்து இறங்கி வரும் பைக்குகளில் ஒன்றிரண்டு மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் ஓரம் கட்டி நிற்கும். முன் சக்கரத்திலிருந்து ஒரு கருகல் வாடை வரும். ஓட்டி வந்தவர் பாட்டில் தண்ணீரை எடுத்து டிஸ்க் மேல் ஊற்றுவார். 'சுர்ர்' என்று ஆவி கிளம்பும். "கடைசி நாலு வளைவுல பிரேக்கே பிடிக்கலீங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரிப்பார்.

உண்மையில் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. கொங்கு மண்டலத்தில் வார இறுதி ரைடு என்றாலே மலைதான். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, ஏற்காட்டுக்கு 20, திம்பத்துக்கு 27. ஏறுவதற்கு என்ஜின் போதும். இறங்குவதற்கு நாம் நம்பியிருப்பது முன் சக்கரத்தில் இருக்கும், 4 அல்லது 5 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு எஃகுத் தகட்டை.

இந்தத் தகடு இப்போது பேச்சுக்கு வரக் காரணம் மத்திய அரசின் ஒரு வரைவு விதி.

என்ன விதி அது?

இப்போதுள்ள விதி 2019 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரைக்கும் ஏபிஎஸ் இருக்கலாம். இல்லையென்றால் சிபிஎஸ் போதும். சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு.

2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. சிசி வித்தியாசம் பார்க்காமல், 50 சிசிக்கு மேற்பட்ட அல்லது மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகக்கூடிய எல்லா புது இருசக்கர வாகனங்களுக்கும் 2026 ஜனவரி 1 முதல் ஏபிஎஸ் கட்டாயமாக்கலாம் என்பது அதன் சாரம். வண்டி விலை கூடும், கால அவகாசம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் குரல் எழுந்தது.

விதியின் தேவையைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 100-க்கு 44 பேருக்கும் மேல்.

ஏபிஎஸ் விதிக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் உண்டு. ஏபிஎஸ், பிரேக் ஆயிலின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை குறைத்தும் கூட்டியும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்கிறது. 100 சிசி பைக்குகளில் இருக்கும் டிரம் பிரேக்கை இழுப்பது ஒரு கம்பி. அங்கே ஆயிலும் இல்லை, கூட்டிக் குறைக்க அழுத்தமும் இல்லை. ஆகவே ஏபிஎஸ் வந்தால் முன் சக்கரத்தில் டிரம் போய் டிஸ்க் வர வேண்டும். விவசாயி பால் கேன் கட்டி ஓட்டும் 100 சிசி வண்டியில் தொடங்கி டெலிவரி இளைஞரின் வண்டி வரை டிஸ்க்குக்கு மாறும்.

நல்ல மாற்றம்தான். ஆனால் "ஏபிஎஸ் இருக்கு, இனி பயமில்லை" என்று மலையில் ஓட்டினால் அங்கேதான் சிக்கல். ஏபிஎஸ் தடுப்பது சக்கரம் வழுக்குவதை. பிரேக் சூடாவதை அது தடுக்காது. சூட்டைச் சமாளிப்பது டிஸ்க், பேடு, ஆயில் ஆகிய மூன்றின் வேலை.

சரி, எவ்வளவுதான் சூடாகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைக், இரண்டு பேர், ஒரு பை எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் அந்த வண்டியை முழுசாக நிறுத்தினால், சுமார் 42 கிலோஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறும். ஆற்றல் எங்கும் காணாமல் போகாது. வேகம் போனால் சூடு வந்தே தீரும்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் ஏறத்தாழ 70 சதவீத வேலை முன் பிரேக்குக்கு. டிஸ்க்கின் எடை 1 கிலோ என்று கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை சுமார் 60 டிகிரி ஏறும். 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் 160 டிகிரிக்கு மேல் ஏறும். வேகம் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடியது. சூடோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால் வரும் வித்தியாசம் இது.

இப்போது மலைக்கு வருவோம். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,450 மீட்டர். அதே 300 கிலோ வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது விடும் ஆற்றல் சுமார் 4,260 கிலோஜூல். அதாவது 60 கி.மீ. வேகத்திலிருந்து 100 தடவை நிறுத்துவதற்குச் சமம். வேறு மாதிரி சொன்னால், 14 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு. ஒரு மணி நேரத்தில் இறங்கினால், ஒரு இஸ்திரிப் பெட்டி அந்த ஒரு மணி நேரமும் ஓடியதற்கு நிகர்.

இதெல்லாம் பிரேக்குக்கே போகாது. காற்றும் டயர் உராய்வும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை யார் எடுப்பது, என்ஜினா பிரேக்கா என்பதுதான் கேள்வி. நியூட்ரலில் போட்டு இறக்கினால் அந்த மீதி முழுக்க பிரேக்கின் தலையில் விழும்.

நீலகிரியின் உயரத்தை கோவை ஏற்கெனவே வேறு விதத்தில் பயன்படுத்தியிருக்கிறது. பைக்காராவில் தண்ணீர் விழுந்த உயரம்தான் 1930-களில் மின்சாரமாகி இங்குள்ள மில்களை ஓட்டியது. பைக்கில் இறங்கும்போது அதே உயரம் டிஸ்க்கில் சூடாக வந்து நிற்கிறது.

பெரிய டிஸ்க்னா நல்ல டிஸ்க்கா?

ஷோரூமில் "300 எம்எம் டிஸ்க்" என்று சொல்வது அதன் விட்டத்தை. சிறிய பைக்குகளில் 240 மி.மீ. அளவில் இருக்கும். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200-ல் 270 மி.மீ., ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் 300 மி.மீ.

விட்டம் கூடினால் இரண்டு லாபம். முதலாவது, நெம்புகோல் மாதிரி. பேடு அச்சிலிருந்து தள்ளி அழுத்துவதால், அதே விரல் பலத்துக்கு அதிக பிடிப்பு கிடைக்கும். இரண்டாவது, காற்றுபடும் பரப்பு கூடும், சூடு சீக்கிரம் இறங்கும். நஷ்டமும் உண்டு. எடை ஏறும். சக்கரத்தோடு சுழலும் எடை கூடினால் ஹேண்டில் திருப்புவது கனமாகும், பள்ளம் மேட்டில் சஸ்பென்ஷன் தடுமாறும்.

தடிமன் இன்னொரு கணக்கு. தடித்த தோசைக்கல் மெதுவாகச் சூடாகும், நிறைய சூட்டை உள்வாங்கும். மெல்லியது சட்டென்று காயும். டிஸ்க்கும் அப்படித்தான். ஒரு நிறுத்தத்தின் வெப்பத்தை அந்த நொடியில் வாங்கிக்கொள்வது அதன் எடை. அதைக் காற்றில் விடுவது பரப்பு. முதலாவது நொடிக்கணக்கில் நடக்கும், இரண்டாவதுக்கு நிமிடங்கள் ஆகும். மலையில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும்போது, விட்ட சூட்டைவிட வாங்கும் சூடு அதிகமாகி, வெப்பநிலை படிப்படியாக ஏறிக்கொண்டே போகும்.

இதனால்தான் ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். 4 மி.மீ. தகடு தேய்ந்து 3.5 ஆனால், உரசும் பகுதியில் எட்டில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது. சூட்டை வாங்கும் சக்தியும் அதே அளவு போய்விட்டது. டிஸ்க்கில் வரி விழுந்துவிட்டது என்று லேத் பட்டறையில் கொடுத்து ஒரு கட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. மேல்பரப்பு பளபளவென்று ஆகும். அந்த எல்லைக்குக் கீழே போயிருந்தால், டிஸ்க் ஆபத்தான இடத்துக்கு வந்திருக்கும்.

இவ்வளவு ஃபவுண்டரி இருக்கிற ஊர்ல, பைக் டிஸ்க்கை ஏன் வார்ப்பதில்லை?

கோவையில் பம்ப்செட் உடல் முதல் வாகன பாகங்கள் வரை வார்ப்பிரும்பில் வார்க்கிறார்கள். கார்களின் பிரேக் டிஸ்க்கும் பெரும்பாலும் சாம்பல் நிற வார்ப்பிரும்புதான். அதில் கலந்திருக்கும் கிராஃபைட் சூட்டை நன்றாகக் கடத்தும். அதிர்வையும் அடக்கும். விலையும் குறைவு.

ஆனால் வார்ப்பிரும்பு இழுவிசைக்கு அவ்வளவு தாங்காது. ஓரளவுக்கு மேல் மெலிதாக்கினால் உடையும். அதனால் கார் டிஸ்க் தடிமனாக, கனமாக இருக்கும். கார் தாங்கும், பைக் தாங்காது. போதாததற்கு வார்ப்பிரும்பு ஒரு மழை ராத்திரியிலேயே துருப்பிடிக்கும். காரில் அது சக்கரத்துக்குள் மறைந்திருக்கும். பைக்கில் எல்லார் கண்ணிலும் படும்.

ஆகவே பைக்குக்கு ஒருவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் உறவுதான், ஆனால் அதே ரகம் இல்லை. பாத்திரத்தில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, பிரேக் டிஸ்க்கில் ஒட்டும். குரோமியம் சுமார் 12 சதவீதம் கொண்ட, காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கக்கூடிய எஃகு இது. சமையலறைக் கத்திக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். தகட்டிலிருந்து பிரஸ்ஸில் வெட்டி எடுத்து, சூடேற்றிக் கடினப்படுத்தி, இரண்டு பக்கமும் கிரைண்டிங் செய்து சமப்படுத்துவார்கள்.

இந்த எஃகுக்கு பலம் அதிகம்; 4 மி.மீ. போதும். ஆனால் சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்பில் ஏறத்தாழ பாதிதான். எவர்சில்வர் பாத்திரத்தில் பால் ஏன் அடிப்பிடிக்கிறது? அடுப்பு படும் இடத்துச் சூடு மற்ற இடங்களுக்குப் பரவாமல் அங்கேயே நிற்பதால். டிஸ்க்கிலும் பேடு உரசும் பட்டையில் சூடு தேங்கும்.

டிஸ்க் வடிவமைப்பின் மொத்தச் சிக்கலும் இதில் அடங்கியிருக்கிறது. பலத்தைக் கொடுக்கும் உலோகம் சூட்டை மெதுவாக விடுகிறது. சூட்டை நன்றாக விடும் உலோகம் மெலிதாக இருக்க மறுக்கிறது. இன்னொரு எல்லையும் உண்டு. இந்த வகை எஃகு சுமார் 500 டிகிரியைத் தாண்டிச் சூடானால், காய்ச்சிக் கொடுத்த கடினம் குறையத் தொடங்கும். அதன் பிறகு ஆறினாலும் பழைய பலம் திரும்பாது, தேய்மானம் கூடும்.

ஓட்டை போட்டா கூலாகுமா?

பலரும் நம்புவது அதைத்தான். ஓரளவு உண்மை இருக்கிறது: ஓட்டையின் உள்சுவர்கள் காற்றுபடும் பரப்பைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் ஓட்டை போடும் முக்கியக் காரணம் வேறு. 1969-ல் ஹோண்டா சிபி750 பைக் ஹைட்ராலிக் முன் டிஸ்க்கோடு வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பைக்குகளின் ஓட்டையில்லாத ஸ்டெயின்லெஸ் டிஸ்க்குகளில் ஒரு குறை தெரிந்தது. மழையில் டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் நீர்ப்படலம் நின்று, பிரேக் பிடிக்கத் தாமதமானது. அந்தத் தண்ணீர் வழிந்து போக வழிதான் ஓட்டை. பேடிலிருந்து வரும் தூசிக்கும் சூட்டில் கிளம்பும் வாயுவுக்கும் அதுவே வழி. எடையும் குறையும்.

விலையும் உண்டு. ஒவ்வொரு ஓட்டையும் சூடு வாங்கும் இரும்பைக் குறைக்கிறது. ஓட்டையின் விளிம்பில் அழுத்தம் குவியும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, விரிசல் முதலில் தொடங்குவதும் அங்கேதான். எத்தனை ஓட்டை, என்ன அளவு, ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையெல்லாம் கணினியில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அழகுக்காக வெளியில் கொடுத்து கூடுதல் ஓட்டை போடுவது, அந்தக் கணக்கு முழுவதையும் அழிப்பதற்குச் சமம்.

பூவிதழ் போல ஓரம் வளைந்த 'பெட்டல்' டிஸ்க்கும் இதே வகைதான். எடை குறையும், பேடைத் துடைத்துக்கொண்டே போகும். பாதி தோற்றத்துக்காக என்பதும் உண்மை.

நடுவுல தனியா ஒரு வளையம் இருக்கே, அது எதுக்கு?

விலை உயர்ந்த சில பைக்குகளில் டிஸ்க் ஒரே துண்டாக இருக்காது. நடுவில் அலுமினியப் பகுதி, வெளியே எஃகு வளையம், இரண்டையும் இணைக்கச் சிறு உருளைகள். இதை 'ஃப்ளோட்டிங் டிஸ்க்' என்பார்கள்.

300 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 300 டிகிரி சூடேறினால், விட்டம் சுமார் 1 மி.மீ. விரியும். நடுப்பகுதி அவ்வளவு சூடாகாததால் விரியாது. இரண்டும் ஒரே துண்டாக இருந்தால் வெளிவளையம் விரிய இடமில்லாமல் ஒரு பக்கமாகக் குவிந்து, தட்டு போல வளையும். அப்போது பேடு முழுசாகப் படியாது. பிரேக் பிடித்தால் லிவர் விரலில் துடிக்கும். உருளை வைத்து இணைத்தால் வளையம் தன் போக்கில் விரிந்து சுருங்கலாம்.

அடிவாரத்தில் தண்ணீர் ஊற்றுபவர் செய்வதும் இதன் மறுபக்கம்தான். ஒரு இடம் சட்டென்று சுருங்க, பக்கத்து இடம் சூடாகவே இருக்க, தகடு நெளியும். விரிசலும் விழலாம்.

ரேஸ் டிராக்ல இதைவிட வேகம். அங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?

கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் வீரர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்த டிராக். பைக் ரேஸும் நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் வடிவமைத்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டியும் அங்கே நடக்கிறது. பிரேக் டிஸ்க் எவ்வளவு மெலிதாக இருக்கலாம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர்களை அங்கே பார்க்கலாம்.

டிராக்கில் பிரேக் கடுமையாகப் பிடிப்பார்கள், ஆனால் உடனே நேர்ப்பாதையில் வேகம் எடுப்பார்கள். அந்த வேகக்காற்று டிஸ்க்கை ஆற்றிவிடும். மோட்டோஜிபி போட்டிகளில் கார்பன் டிஸ்க் வைக்கிறார்கள். அது சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வண்டிக்கு அது சரிப்படாது.

மலையில் நிலைமை தலைகீழ். 30 கி.மீ. வேகம், காற்று குறைவு, பிரேக் தொடர்ந்து லேசாகப் பிடித்தபடியே இருக்கும். ஒரு நிறுத்தம் பெரிதில்லை. ஆற நேரம் கிடைக்காததுதான் பிரச்சினை.

சோதனை விதிகளையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருசக்கர வாகன பிரேக்குகளுக்கான ஐ.நா. உலகத் தொழில்நுட்ப விதி 3-ல் ஒரு சூட்டுச் சோதனை உண்டு. ஒரு கி.மீ. இடைவெளியில் 10 முறை நிறுத்த வேண்டும். அதன் பிறகு பிரேக் தன் பழைய திறனில் 60 சதவீதமாவது காட்ட வேண்டும். கொல்லிமலைப் பாதையில் இரண்டு வளைவுக்கு நடுவே பல இடங்களில் அரை கி.மீ. கூட இருக்காது. வளைவுகள் 70.

அப்ப பிரேக் பிடிக்காம போறது டிஸ்க் உடைஞ்சா?

அபூர்வமாகத்தான். முதலில் கைவிடுவது பெரும்பாலும் பேடும் ஆயிலும்.

பேடு அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிசின் வாயுவாகி, உராய்வு குறையும். அந்தக் கருகல் வாடை அதுதான். லிவர் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

ஆயில் கொதிப்பது இதைவிட மோசம். டிஸ்க் சூடு பேடு வழியாக, பிஸ்டன் வழியாக, காலிபரில் உள்ள ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 ரக ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டாட் 4-க்கு அந்த எல்லை 155 டிகிரி; டாட் 3-க்கு 140 டிகிரி. நாலைந்து வருடமாக ஆயிலே மாற்றாத வண்டியில் அது இன்னும் கீழே போயிருக்கலாம். கொதித்தால் ஆயிலில் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் விசை கடத்தப்படும். குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். லிவர் கைப்பிடி வரை வந்து தொடும், பிரேக் இருக்காது. அழுத்தமே இல்லாத இடத்தில் ஏபிஎஸ் எதைக் கூட்டும், எதைக் குறைக்கும்?

ஸ்கூட்டர், இவி வண்டிகளுக்கு?

கியர் பைக்கில் இரண்டாவது கியரில் இறக்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் ஸ்கூட்டரில் கியரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வேகம் நன்றாகக் குறைந்தால் உள்ளே கிளட்ச் விடுபட்டு, வண்டி நியூட்ரலில் போவது போல உருளும். கூடவே பல ஸ்கூட்டர்களில் சிறிய டிரம். டிரம்மில் சூடு உள்ளேயே அடைபடும். டிரம் சூடாகி விரியும்போது ஷூவிலிருந்து விலகும். கம்பியை இன்னும் இழுக்க வேண்டியிருக்கும். இரண்டு பேர் ஏறிய ஸ்கூட்டரை மலையில் இறக்குவது கியர் பைக்கைவிட ஆபத்து என்பதற்குக் காரணம் இதுதான்.

இவி ஸ்கூட்டரில் மோட்டாரே ஜெனரேட்டராகி ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பும். இறக்கத்தில் இது பெரிய உதவி. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அது மேற்கொண்டு வாங்காது. மலை மேல் 100 சதவீதம் சார்ஜ் போட்டு உடனே இறங்கினால், முதல் சில கி.மீ.க்கு அந்த இழுப்பு குறைவாக இருக்கலாம். கொஞ்சம் காலி வைத்து இறங்குவது புத்திசாலித்தனம்.

விதியில் என்ன கவனிக்க வேண்டும்?

ஏபிஎஸ் தேவையில்லை என்று இதை வைத்து வாதாட முடியாது. அவிநாசி ரோட்டில் திடீரென்று ஒருவர் குறுக்கே வரும்போதும், மழையில் மணல் மேல் பிரேக் பிடிக்கும்போதும் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். நாட்டின் பெரும்பாலான விபத்துகள் மலையில் நடப்பதும் இல்லை.

ஆனால் விலை நெருக்கடி உள்ள 100 சிசி வண்டியில் ஏபிஎஸ் பெட்டிக்கு ஆகும் செலவை வேறு எங்கே குறைப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. சின்ன டிஸ்க், மலிவான பேடு என்று போனால், சமவெளியில் கிடைத்த பாதுகாப்பு மலையில் கரையும். ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், டிஸ்க் விட்டம், பேடு ரகம், ஆயில் மாற்றும் காலம் ஆகியவற்றையும் வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வைப்பது விதிக்கு வலு சேர்க்கும். இந்த விதி புது வண்டிகளுக்குத்தான். இப்போது சாலையில் உள்ள டிரம் வண்டிகள் இன்னும் பல வருடம் இதே மலைகளில் ஏறி இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த ரைடுக்கு முன் என்ன செய்யலாம்?

• பிரேக் ஆயிலை 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். சர்வீஸில் 'டாப் அப்' செய்வது மாற்றுவது ஆகாது. எந்த ரகம் என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே பொறித்திருக்கும்.

• டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச தடிமனைப் பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதுதான் வழி.

• டிஸ்க்கில் நீல நிறம் பாய்ந்திருந்தால் ஒருமுறை கடுமையாகச் சூடாகியிருக்கிறது. ஓட்டைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலும் வேண்டாம், கிளட்ச்சைப் பிடித்தபடி இறங்குவதும் வேண்டாம்.

• பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கையை விடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

• கருகல் வாடை வந்தாலோ, லிவர் மெத்தென்று ஆனாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடமாவது ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். தொட்டும் பார்க்க வேண்டாம்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்கக் கட்டுப்பாடு போட்டு, தலைகுந்தாவில் போலீஸ் நின்று திருப்பி அனுப்புகிறது. மேலே ஏறுவதைவிட இறங்குவதில்தான் கெடுபிடி. "ஏத்தத்துக்கு விடுறாங்க, இறக்கத்துக்கு விட மாட்டேங்கறாங்க" என்று அங்கே அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அடுத்த முறை அப்படி அலுத்துக்கொள்ளத் தோன்றினால், வண்டியை விட்டு இறங்கி முன் சக்கரத்தில் இருக்கும் அந்தத் தகட்டின் தடிமனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசலாம்.